ஸ்டார்க்வில் என்றால் உங்களுக்கு என்ன இளக்காரம்?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கவே எனக்குப் பிடிப்பதில்லை. நன்றியறிதல் நாளை ஒட்டி நடக்கும் 'எக் பவுல்' என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நெருங்க நெருங்க, மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஓல் மிஸ்ஸின் ரசிகர்கள், மற்றொன்றான மிசிசிப்பி ஸ்டேட் அமைந்திருக்கும் ஸ்டார்க்வில் என்ற ஊரை வைத்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களைக் கேலி செய்தால் கேட்டுக்கொள்வேன். கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டவனைத் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் ஊர் என்ன பாவம் செய்தது? நான் முதுகலை படித்த ஊர் அது. கையில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய என்னை, யாரென்றே தெரியாமல் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்ட மனிதர்கள் வாழும் ஊர் அது. போன வாரம் நான் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் ஒருவர் பசுவைப் போலக் கத்திக் காட்டினார். மேசையே குலுங்கிச் சிரித்தது. அன்று அடக்கிக்கொண்டதை இன்று எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிய கேலி. 'ஸ்டார்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெறுமையானது, மொட்டையானது என்ற பொருள் உண்டு. ஆகவே பொட்டல்காடு என்று அந்த ஊர் தன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டிருப்பதாக, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் தாம் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொல்வார். உடனே அடுத்தவர் 'ஸ்டார்க்வேகஸ்' என்பார். வண்ண விளக்குகளும் சூதாட்ட விடுதிகளும் நிறைந்த லாஸ் வேகஸின் பெயரை, இங்கே ஒன்றுமே இல்லை என்று குத்திக்காட்டுவதற்காக ஒட்டவைத்த பட்டப்பெயர் அது. ஊர்க்காரர்களே அதைச் செல்லமாகச் சொல்லிக்கொள்கிறார்களே என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். தாய் தன் பிள்ளையைக் 'குரங்கே' என்று கொஞ்சுவதற்கும், அதே சொல்லை எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் நின்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இவர்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டதில்லை. வீடுகளுக்கான மரப்பலகைகளை அறுக்கும் ஆலை அருகில் இருந்ததால் அந்த ஊருக்கு முதலில் போர்ட்டவுன் என்றுதான் பெயர். 1830களில், அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஜான் ஸ்டார்க்கின் நினைவாக ஸ்டார்க்வில் என்று மாற்றினார்கள். 1777இல் பென்னிங்டன் போரில் வென்றவர் அவர். 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்து மடி' என்று முதுமையில் அவர் எழுதி அனுப்பிய வாக்கியம்தான் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் முழக்கமாக இன்றும் இருக்கிறது. ஓல் மிஸ் இருக்கும் ஆக்ஸ்போர்டுக்கு அந்தப் பெயர் வந்த கதை வேறு: மாநிலத்தின் பல்கலைக்கழகம் தங்கள் ஊருக்கே கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரத்துப் பெயரைக் கடன் வாங்கிச் சூட்டிக்கொண்டார்கள். ஆசை நிறைவேறியது, நல்லது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கிய பெயரை வைத்துக்கொண்டு, ஒரு போர்வீரரின் பெயரைத் தாங்கிய ஊரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இத்தனைக்கும் இரண்டு ஊர்களும் ஒரே அளவுதான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரண்டிலும் தலா ஏறத்தாழ 25,000 பேர் வாழ்கிறார்கள். ஒன்று பட்டிக்காடு, மற்றொன்று பண்பாட்டுத் தலைநகரம் என்பதை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

பெயர் ஒரு சாக்குதான். உள்ளே இருப்பது மாட்டைப் பற்றிய இளக்காரம். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின் வழியில், உழவையும் தொழில்நுட்பத்தையும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, அரசு கொடையாகத் தந்த நிலத்தின் உதவியோடு நாடெங்கும் எழுந்த நிலக்கொடைக் கல்லூரிகளில் ஒன்றாக, 1878இல் தொடங்கப்பட்டது மிசிசிப்பி ஸ்டேட். வழக்கறிஞர்களையும் அரசியல்வாதிகளையும் உருவாக்கிய ஆக்ஸ்போர்டுக்கு அது அன்றைக்கே 'மாட்டுக் கல்லூரி'. ஸ்டேட் ரசிகர்கள் அந்த வசையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு பசு மைதானத்துக்குள் வந்ததாகவும், அன்று தங்கள் அணி வென்றதாகவும் ஒரு கதை சொல்லி, கையில் மாட்டுமணியோடு வந்து உட்கார்ந்தார்கள். 1974இல், அவர்கள் அணி ஆடும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு அந்த மணிக்குத் தடை போட்டது. தடையை மீறி மணி ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. 2010இல் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் அடிக்கலாம் என்று விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 60,000 பேர் அமரும் அரங்கில் அந்த ஓசை எழும்போது உடம்பு சிலிர்க்கும். கிராமத்துக் கோயிலில் தேர் நகரத் தொடங்கும் நொடியில்தான் எனக்கு அப்படிச் சிலிர்த்திருக்கிறது.

எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தவறும்போதெல்லாம் "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். மாடு மேய்த்துத்தான் என் தாத்தா என் அப்பாவைப் படிக்க வைத்தார் என்பதை அந்த வகுப்பறையில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் கடந்து வந்து மண்ணியலில் பட்டம் வாங்கி, மாநிலத் தலைநகரான ஜாக்சனில் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே வசையைத்தான் கேட்க வேண்டும் என்றால் எப்படிப் பொறுப்பது? இந்த மாநிலத்துக் குளங்களில் வளரும் கெளுத்தி மீனுக்கும், வயல்களில் விளையும் பருத்திக்கும் வரும் நோயை ஆராய்வது அந்த மாட்டுக் கல்லூரிதான். தட்டில் கெளுத்தி மீன் வறுவலை வைத்துக்கொண்டு அதைக் கேலி செய்கிறார்கள்.

பெயரை ஆராய்வதானால் 'ஓல் மிஸ்' என்பதையும் ஆராயலாமே. தோட்ட முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல் அது. 1897இல் மாணவர் ஆண்டு மலருக்குத் தலைப்பாக வந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. அதை மார்பில் பொறித்துக்கொண்டு திரிபவர்கள், 'ஸ்டார்க்' என்ற சொல்லுக்கு அகராதி புரட்டுகிறார்கள்.

மதிப்பு, மரியாதை என்று பேசுபவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர வந்தபோது ஆக்ஸ்போர்டில் கலவரம் வெடித்து இரண்டு உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு மார்ச்சில், கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்த சிகாகோ லயோலா அணியோடு ஆடக்கூடாது என்று சிலர் நீதிமன்றத் தடை வாங்கியும், அந்த ஆணை கைக்கு வருமுன் பயிற்சியாளரும் பல்கலைக்கழகத் தலைவரும் மாநில எல்லையைத் தாண்டிவிட, ஸ்டார்க்வில்லின் கூடைப்பந்து அணி மிச்சிகன் சென்று ஆடியது. ஆட்டத்தில் தோற்றது, ஆனால் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கினார்கள். ஸ்டேட்டும் 1965வரை கறுப்பின மாணவர் ஒருவரையும் சேர்க்கவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'ஒன்றும் நடக்காத ஊர்' என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தானே அழிக்கிறீர்கள்?

வென்றால் வாய் அடங்கும் என்று நம்பினேன். 2014இல், கால்பந்தில் தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் புதிய 'பிளேஆஃப்' தரவரிசை முதன்முதலாக வெளியானபோது முதலிடத்தில் இருந்தது ஸ்டேட். 2021இல் பேஸ்பாலில் தேசியப் பட்டத்தையே வென்றது. பசுவின் கத்தல் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்திலும் தவறு இருக்கிறது. ஓல் மிஸ்ஸின் பெயரைச் சொல்லவே மறுத்து 'வடக்கே இருக்கும் பள்ளிக்கூடம்' என்பவர்கள் உண்டு. ஆட்ட நாளன்று மரத்தடியில் சரவிளக்கு மாட்டி விருந்து வைப்பதை வைத்து, அந்த ஊரே பகட்டுக்காரர்களின் ஊர் என்று பேசுபவர்களும் உண்டு. ஆக்ஸ்போர்டிலும் விடியற்காலையில் எழுந்து கடையைத் திறந்து பிழைப்பவர்கள்தானே வாழ்கிறார்கள்? அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்காது. என் நண்பர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கல்லூரியின் பால்பண்ணையில் 1938 முதல் எடாம் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சிவப்பு மெழுகு பூசி, பீரங்கிக் குண்டு போல உருண்டையாக இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மாநிலம் முழுவதும் அதற்கு அலைவார்கள். சென்ற டிசம்பரில் நான் ஸ்டார்க்வில் போகிறேன் என்று கேள்விப்பட்டு, இரண்டு உருண்டை வாங்கி வரச் சொல்லிக் கேட்டவர், பசுவைப் போலக் கத்திக் காட்டிய அதே மனிதர்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போய், வரிசையில் நின்று வாங்கி வந்து அவர் மேசையில் வைத்தேன். இந்த ஆண்டும் கேட்பார். ஸ்டார்க்வில் என்று ஊரின் பெயரை மரியாதையாகச் சொல்லிக் கேட்டால் வாங்கி வருவேன். இல்லையென்றால் அவரே போய் வாங்கிக்கொள்ளட்டும்.