ரேடான் வேலைக்கு டெண்டர் விடுவதற்கு முன் அளந்து பாருங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஏ.சி.க்கு மாறி வருகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவறை, சார்கருவூலத்தின் பாதுகாப்பு அறை, தாலுகா அலுவலகத்தின் சர்வர் அறை, அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை எல்லாமே பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும். சன்னல் இருக்காது, இருந்தாலும் அடைத்திருப்பார்கள். உள்ளே ஒருவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மண்ணிலிருந்து கசிந்து, நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் ரேடான் வாயு தேங்குவதற்கு இப்படிப்பட்ட அறைதான் வேண்டும்.

ரேடானைக் குறைக்க ஒப்பந்ததாரரை அமர்த்தி வேலை செய்வது சரியா என்றால், தேவைப்படும் அறைக்குச் சரிதான். ஆனால் அந்த வேலையை வழக்கமான கட்டட மராமத்து போல ஒரே எஸ்டிமேட்டில் போட்டு, குறைந்த விலை கொடுத்தவருக்கு மொத்தமாகக் கொடுத்தால் பணம் வீண். அளப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். கடைசி பில் அளவைப் பார்த்த பிறகுதான் பாஸாக வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. அரை ஆயுள் 3.8 நாள். அதற்குள் மண் இடுக்கு வழியாக மேலே வந்துவிடும். வெட்டவெளியில் காற்றோடு கலந்து கரைந்துவிடும், மூடிய அறையில் தேங்கும். அதிலிருந்து வரும் பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் தூசியில் ஒட்டி, மூச்சோடு போய் நுரையீரலில் படிந்து ஆல்பா கதிர் வீசுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன வரையறை கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றார்கள். அமெரிக்காவில் 148-ஐத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறார்கள். நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 16 சதவீதம் கூடுகிறது. அதே காற்றைச் சுவாசிக்கிற புகைபிடிப்பவருக்கு, பிடிக்காதவரைவிட ஆபத்து சுமார் 25 மடங்கு.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் பக்கம் பாறை வெளியே தெரிகிறது என்பதற்காக அங்குள்ள கட்டடமெல்லாம் ஆபத்து என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. அடுத்தடுத்த இரண்டு அறைகளிலேயே அளவு வேறுபடும். தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி உள்ள அறை ஒன்று, இல்லாத அறை ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம். நாட்டுக்கோட்டை வீடுகளை வாடகைக்கு எடுத்து நடக்கும் அலுவலகம் என்றால், முற்றம் திறந்திருக்கும்வரை கவலையில்லை. முகப்பு வாசலிலிருந்து கொல்லை வாசல்வரை ஒரே நேர்கோட்டில் காற்று ஓடும்படி கட்டிய வீடுகள் அவை. முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, பட்டாலை என்ற கூடத்தை அலுமினியத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஸ்பிளிட் ஏ.சி. மாட்டினார்களா? அப்போது அந்தப் பழைய வீட்டையும் அளக்க வேண்டிய பட்டியலில் சேருங்கள். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைத் துளியும் உள்ளே கொண்டுவராது, அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றவிடும்.

அளக்கும் வேலைக்குத் தனி ஆர்டர் போடுங்கள். தரையைத் தொட்டிருக்கிற, ஆள் புழங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிடெக்டர் (ரேடானைப் பதிவு செய்யும் சின்னக் கருவி). பெரிய ஹால் என்றால் 2,000 சதுர அடிக்கு ஒன்று. மேல்தளங்களில் பத்து அறைக்கு ஒன்று போதும். பத்து இடத்தில் ஒன்றில் இரண்டு டிடெக்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மொத்த அறிக்கையையும் சந்தேகப்பட வேண்டும். பிரிக்காத டிடெக்டர் சிலவற்றையும் கணக்கில் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றில் அளவு காட்டினால் தவறு ஆய்வகத்திலோ வழியிலோ நடந்திருக்கிறது.

வைக்கும் இடம் முக்கியம். தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடிக்கு மேலே, மூச்சு விடும் உயரத்துக்குள், கதவு சன்னலிலிருந்து மூன்றடி தள்ளி. சுவரில் ஆணியடித்து மாட்டக் கூடாது. தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற வாயுவின் அரை ஆயுள் 56 நொடிகூட இல்லை, அதனால் அது சுவரையும் தரையையும் ஒட்டியே கிடக்கும். சுவரோடு ஒட்டி வைத்த டிடெக்டர் அதையும் சேர்த்து எண்ணி, இல்லாத ரேடானைக் காட்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ஊசித்துளை டோசிமீட்டர் என்ற டிடெக்டர் இரண்டையும் பிரித்துக் காட்டும். எல்.ஆர்.-115 என்ற படலத்தில் ஆல்பா துகள் விழுந்த தடத்தை எண்ணுகிற முறை அது. மூன்று மாதத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும், ஒரு வருடம் வைத்தால் இன்னும் நல்லது. கரி டப்பா வைத்து இரண்டு மூன்று நாளில் சொல்லும் முறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த மாதங்களில் அதை நம்ப வேண்டாம்.

அரசு அலுவலகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வெள்ளி மாலை பூட்டினால் திங்கள் காலைதான் திறப்பார்கள். மூன்று மாதச் சராசரியில் ஆளில்லாத இரவும் விடுமுறையும் சேர்ந்துதான் வரும். அதனால் டிடெக்டரில் அளவு கூடுதலாக வந்த அறையில் மட்டும், மணிக்கு மணி பதிவு செய்யும் மின்னணுக் கருவியை ஒரு வாரம் வையுங்கள். திங்கள் காலை 10 மணிக்கு ஏறியிருந்து, கதவு திறந்த ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் அந்த அறைக்கு ஒப்பந்ததாரரே வேண்டாம். காலையில் வந்ததும் சன்னலைத் திறந்து வைத்தால் தீர்ந்தது. பகல் முழுக்க இறங்கவே இல்லை என்றால்தான் வேலை.

இந்தக் கட்டத்தில் கொட்டேஷனோடு வருகிற முதல் ஆள் பெரும்பாலும் பெயின்டோ சீலன்ட்டோ விற்பவராக இருப்பார். தரை விரிசலை அடைப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. தரை ஒரு இடத்தில் அடைபட்டால் வாயு இன்னொரு இடுக்கு வழியாக வரும். கட்டடம் அமர அமரப் புது விரிசல் விழும். கிரானைட் பலகையைப் பெயர்த்து வேறு டைல் போடச் சொல்வதும் வீண் செலவு. வாயுவில் பெரும்பங்கு தரைக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்து வருகிறது, பலகையிலிருந்து இல்லை. கவனிக்க வேண்டிய ஓட்டை வேறு. கரையான் மருந்து அடிக்கும்போது சுவரோரமாக அடிக்கு ஒன்றாகத் தரையில் துளை போடுவார்கள். மருந்து இறங்கியதும் அதை ஒழுங்காக அடைக்காமல் மேலே சிமென்ட் பாலைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். அறையைச் சுற்றி ஐம்பது துளை என்றால் ஐம்பது வாசல்.

மிதமான அளவு, 150 – 200 பெக்கரல் போல வந்தால், முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். மூடிய அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளினால் அறைக்குள் அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்ப மண்ணுக்குள்ளிருந்து காற்று மேலே வரும். நல்லது என்று நினைத்து மாட்டியதே ரேடானை உறிஞ்சிக் கொடுக்கும். அந்த ஃபேனைத் திருப்பி மாட்டி, தூசி வடிகட்டி வைத்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி செய்யுங்கள். 12-க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கனஅடி. மணிக்கு ஒரு முறை காற்று முழுக்க மாறினாலே அடைத்த அறைக்கு அது பெரிய மாற்றம். ஏ.சி. பில் கொஞ்சம் கூடும், அது தெரிந்தே செய்ய வேண்டியது.

அதற்கும் அடங்காத அறைக்குத்தான் தரைக்கடியில் உறிஞ்சும் முறை. தரையில் துளையிட்டு, அடியில் 20 லிட்டர் பக்கெட் அளவுக்கு மண்ணை வாரி ஒரு குழி பண்ணி, 110 மி.மீ. பி.வி.சி. குழாயை இறக்கி, மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய் ஃபேன் வைத்து இழுப்பது. சொல்லச் சுலபம். அமெரிக்க வரைபடத்தை அப்படியே பார்த்துச் செய்தால் நம்மூரில் தோற்றுப்போகும், காரணம் நம் பேஸ்மட்டம். அங்கே தளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பியிருப்பார்கள், ஒரு மூலையில் இழுத்தால் மறு மூலைவரை எட்டும். இங்கே மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, மேலே மணல், அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட், பிறகு டைல். போதாததற்கு ஒவ்வொரு குறுக்குச் சுவரின் அஸ்திவாரமும் மண்ணுக்குள் இறங்கி, ஒவ்வொரு அறையின் அடிமண்ணையும் தனிப் பெட்டியாக்கி வைத்திருக்கிறது. ஒரு அறையில் குழாய் போட்டுவிட்டு பக்கத்து அறைக்கும் சேர்த்து பில் போடுகிறவரிடம் ஏமாறக் கூடாது.

ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை இருக்கிறது. டெண்டரில் அதை எழுதியே ஆக வேண்டும். குழாய் வரப்போகிற துளையில் பலமான வாக்குவம் கிளீனரைப் பொருத்தி ஓட்டுவார்கள். 5 அடி, 10 அடி, 20 அடி தள்ளி 10 மி.மீ. துளை போட்டு, அதன் வாயில் எரியும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். புகை வளைந்து துளைக்குள் இறங்கினால் இழுப்பு அதுவரை எட்டுகிறது. மேலேயே நேராக ஏறினால் எட்டவில்லை, இன்னொரு குழி வேண்டும். எண்ணாகக் கேட்டால், கடைசித் துளையில் மைக்ரோமானோமீட்டர் என்ற நுண்ணழுத்த அளவி ஒரு பாஸ்கலாவது (அழுத்தத்தின் அலகு) குறைவு காட்ட வேண்டும். இந்தச் சோதனை முடிவு இல்லாமல் எத்தனை குழி, என்ன ஃபேன் என்று எழுதுகிற எஸ்டிமேட் வெறும் ஊகம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் மேலிருந்து துளைக்கவே விடாதீர்கள். கோர் கட்டிங் (வட்டமாகத் துளையிடும் மெஷின்) தண்ணீரும் சிமென்ட் சேறும் கல்லில் இறங்கினால் கறை போகாது, அதே பூவேலை திரும்பக் கிடைப்பதும் கஷ்டம். செட்டிநாட்டு வீட்டுக்கு உயரமான பேஸ்மட்டம் இருக்கிறது, அதுவே வசதி. கொல்லைப்புறமாக வெளியிலிருந்து பேஸ்மட்டச் சுவரில் கிடைமட்டமாகத் துளையிட்டு, தளத்துக்குக் கீழே இருக்கிற மண்ணுக்குள் போய்விடலாம். முகப்பிலும் குழாய் தெரியாது. சுவரோரத்து அறைக்கு இது போதும். நடு அறைகளுக்குச் சோதனை சொல்வதுதான் முடிவு.

இனி எங்கே சொதப்புவார்கள் என்று சொல்கிறேன். ஃபேனை அறைக்குள்ளோ பொய்க்கூரைக்கு மேலோ வைப்பது முதல் தவறு. ஃபேனுக்குப் பிறகு வரும் குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் திரட்டிய ரேடான் எல்லாம் அறைக்குள்ளேயே கொட்டும். ஃபேன் மொட்டைமாடியில்தான் இருக்க வேண்டும், வெளிவாய் எந்தச் சன்னலிலிருந்தும் பத்தடி தள்ளி இருக்க வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் குழாயில் சொருகிவிட்டுப் போவது இரண்டாவது. இறுகிய மண்ணிலிருந்து இழுக்க அழுத்தம் வேண்டும். ஃபேன் எத்தனை கனஅடி தள்ளும் என்று மட்டும் எழுதினால் போதாது, எத்தனை பாஸ்கலில் எவ்வளவு இழுக்கும் என்று எழுதுங்கள். குழாய்க்குச் சரிவு கொடுக்காமல் கிடையாக ஓட்டினால் உள்ளே வியர்த்த நீர் வளைவில் தேங்கி அடைத்துவிடும். அடிக்கு 3 மி.மீ. சரிவு, குழியை நோக்கி. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறுகிற தாழ்வான இடமானால் குழியே நிரம்பிவிடும், அங்கே குழியைத் தோண்டும் ஆழத்தைக் குறைக்க வேண்டும். வெளிவாயில் கொசுவலை கட்டாதீர்கள், தூசி படிந்து அடைபடும். வெயிலில் பி.வி.சி. நொறுங்கும், பெயின்ட் அடிக்க வேண்டும்.

மின் இணைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாலையில் அலுவலக உதவியாளர் எல்லாவற்றையும் அணைத்து மெயினையும் இறக்கிவிட்டுப் போவார், அது அவர் கடமை. இந்த ஃபேனும் அதோடு நின்றால் இரவெல்லாம் வாயு ஏறிக் காலையில் ஊழியரை வரவேற்கும். மெயினுக்கு முன்பிருந்தே தனி எம்.சி.பி. (மின் பாதுகாப்பு சுவிட்ச்), அதன்மேல் தமிழில் எழுதிய அட்டை: ‘ரேடான் ஃபேன், அணைக்கக் கூடாது’. 60 வாட் ஃபேன் வருடம் முழுக்க ஓடினால் சுமார் 525 யூனிட்.

குழாயின் மேல், உள்ளே இழுப்பு எவ்வளவு என்று காட்டும் யு வடிவ மானோமீட்டர் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் நிற எண்ணெய். ஃபேன் ஓடும்போது ஒரு பக்கம் ஏறி நிற்கும், நின்றால் இரண்டும் சமமட்டமாகும். வேலை ஒப்படைக்கும் நாளில் அந்த மட்டத்தை மார்க்கரால் குறித்து வையுங்கள். வித்தியாசம் கூடினால் குழாயிலோ குழியிலோ தண்ணீர் அடைத்திருக்கிறது. குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது, இல்லையென்றால் ஃபேன் தளர்ந்துவிட்டது. வாரம் ஒரு முறை பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வேலையை ஒருவர் பெயருக்கு ஒதுக்கினால்தான் நடக்கும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். விலைப்பட்டியலில் இந்த வேலைக்கு நேரடி ஐட்டம் இல்லாதபோது, ஒரு கம்பெனியின் கொட்டேஷனையே விவரக்குறிப்பாக நகல் எடுத்துப் போடுவது வழக்கமாகிவிடும். அதைத் தவிர்க்க ஒரே வழி, முடிவை எழுதுவது: இன்ன அறையில், சன்னல் மூடி, ஏ.சி. ஓடும் நிலையில், 100 பெக்கரலுக்குக் கீழே. குழாய் நீளமும் ஃபேன் எண்ணிக்கையும் எம் புக்கில் (வேலை அளவுப் பதிவேட்டில்) ஏறட்டும், அதற்குரிய பணம் போகட்டும். மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்தி வையுங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்து 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள், முதலில் அளந்த அதே ஆள் அதே இடத்தில் அளக்கட்டும். மூன்று மாத அளவும் வந்த பிறகு மீதி. நேர்மையாக வேலை செய்கிற ஒப்பந்ததாரருக்கு இது பாதுகாப்பு, அரைகுறையாகச் செய்கிறவர் டெண்டர் பக்கமே வரமாட்டார். ஐந்து வருடப் பராமரிப்பும், ஃபேன் கெட்டால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பதும், இரண்டு வருடத்துக்கு ஒரு மறு அளவும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும். பராமரிப்புக்குத் தனி டெண்டர் என்று விட்டால் அது வரவே வராது.

புதிதாக எழும்பும் கட்டடம் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். தளம் போடுமுன் மணலுக்குப் பதில் நான்கு அங்குலத்துக்கு 20 மி.மீ. ஜல்லி, அதற்குள் துளையிட்ட 110 மி.மீ. குழாய் ஒரு சுற்று, மேலே 150 மைக்ரான் பாலித்தீன் ஷீட், ஷீட்டும் ஷீட்டும் ஒரு அடி ஏறிப் படுக்க வேண்டும். ஒவ்வொரு குறுக்குச் சுவரிலும் பிளிந்த் பீமுக்கு (பேஸ்மட்ட மட்டத்து கான்கிரீட் விட்டம்) கீழே ஒரு குழாய்த் துண்டைப் பதித்துவிட்டால் அடிமண் எல்லா அறைக்கும் ஒன்றாகிவிடும். ஒரு குழாயை மட்டும் மொட்டைமாடிவரை நிறுத்தி, வெளிவாயைத் திறந்தே விட்டு, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிடுங்கள். கட்டடம் முடிந்து அளந்து, தேவை வந்தால் அதில் ஃபேன் மாட்ட ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. எஸ்டிமேட் போடுகிற ஜே.இ.க்கள் (இளநிலைப் பொறியாளர்கள்) தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ அடுத்த கட்டடத்துக்குத் தரை வேலை எழுதும்போது இந்த ஐட்டங்களையும் சேர்த்துவிடுங்கள். டைல் ஒட்டிய பிறகு சேர்க்க முடியாது.