உலோகக் கண்ணாடி உடையவே உடையாதா?

"உலோகக் கண்ணாடி எஃகைவிட வலிமையானது, எவ்வளவு இழுத்தாலும் உடையாது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் பாதி பல எஃகு வகைகளுக்குப் பொருந்தும். இரண்டாம் பாதி தலைகீழ்.

இது ஜன்னல் கண்ணாடி அல்ல, ஒளியும் ஊடுருவாது. உருகிய உலோகக் கலவையை அணுக்கள் வரிசைகட்ட நேரமில்லாத வேகத்தில் குளிரவைத்தால் கிடைப்பது. 1960இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் தங்கமும் சிலிக்கனும் கலந்து முதன்முதலில் செய்தார்கள். படிக வரிசை இல்லாததால் வலிமை அதிகம். ஆனால் இழுக்கும்போது உருக்குலைவு முழுவதும் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரே பட்டையில் குவிகிறது. அந்த இடத்தில் சறுக்கி, முன்னறிவிப்பின்றிப் பட்டென்று முறிந்துவிடும். செம்புக் கம்பிபோல நீண்டு மெலிவதெல்லாம் கிடையாது.

வதந்திக்கு விதை எது என்று ஊகிக்கலாம். 2007இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் 35 நானோமீட்டர் படிகச் செம்பு, 5 நானோமீட்டர் செம்பு–சிர்கோனியம் கண்ணாடி என்று மாற்றி மாற்றி அடுக்கிய படலத்தை இழுத்துப் பார்த்தார்கள். வலிமை சுமார் 1.09 கிகாபாஸ்கல், சாதாரணச் செம்பைப்போலப் பல மடங்கு. அறுவதற்குமுன் ஏறத்தாழ 14 விழுக்காடு நீண்டது. ஆம், கடைசியில் அறுந்தது!

அந்த நீட்சியும் கண்ணாடியின் தனிச் சாதனை அல்ல. 5 நானோமீட்டருக்குள் சறுக்குப் பட்டை முழுதாக உருவாக இடமில்லை. செம்பில் ஓடிவரும் படிகப் பிசகுகளை, அதாவது அணு வரிசையில் உள்ள குறைகளை, செம்பும் கண்ணாடியும் சேரும் எல்லைப் பரப்பு உள்வாங்கிக்கொள்கிறது. விரிசல் விதைகள் தேங்குவதில்லை. கண்ணாடி அடுக்கைத் தடிப்பாக்கினால் பழைய முறிவுக் குணம் திரும்பிவிடும்.