முதலில் காரணம் சொல்லுங்கள், அப்புறம் ஃப்ளஷ் பண்ணலாம்

வாரன்ட்டியில் இருக்கிற கார். இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் இருக்கும் டேங்க்கில் எண்ணெய் மிதக்கிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில், "கூலன்ட் கெட்டுப்போச்சு சார், ஃப்ளஷ் பண்ணிப் புதுசு ஊத்திடுறோம், சரியாயிடும்." இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஃப்ளஷ், அதாவது பழையதை வடித்து உள்ளே கழுவிவிடுவது, வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான். கூலன்ட் எத்தனை வருடம் பழசானாலும் தானாக எண்ணெயாக மாறாது.

என்னுடையது டீசல் கார், வாங்கி இன்னும் மூன்று வருடம் முடியவில்லை, சர்வீஸ் எல்லாம் அதே கம்பெனி டீலரிடம்தான். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ஏறும்போது டெம்பரேச்சர் முள் வழக்கமாக நிற்கிற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போனது. ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருந்து (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே பிரஷரில் இருக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும்) திறந்து பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் டேங்க்கின் உள்சுவரில் மேக்ஸ் கோடு வரைக்கும் பழுப்பாக ஒரு பூச்சு. மூடியின் அடிப்பக்கத்தில் ஆறிப்போன காபியின் ஆடை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தது, வெறும் தண்ணீரில் போகவில்லை, சோப்பு போட்ட பிறகுதான் போனது. கூலன்ட்டும் கொஞ்சம் பிசுபிசுக்கும், ஆனால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். அதனால் இது எண்ணெய் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் ரோடுசைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பினேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் சூடேறிய வண்டியைத் தொடர்ந்து ஓட்டி இன்ஜின் போய்விட்டால், "வார்னிங் வந்த பிறகும் ஓட்டியிருக்கீங்க" என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாரன்ட்டியை மறுத்துவிடுவார்கள்.

கூலன்ட்டில் என்ன கலந்திருக்கிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு பிரித்துவிடலாம், அதனால் 'கெட்டுப்போச்சு' என்ற பொதுவான பதிலை ஏற்கவே வேண்டாம். துருப்பிடித்த தண்ணீர் போல இருந்தால், கூலன்ட்டில் இருக்கிற துரு தடுப்பு ரசாயனங்கள் தீர்ந்துபோயிருக்கலாம், இல்லையென்றால் யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் ரேடியேட்டருக்குள் உப்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தில் குழி விழ வைக்கும், அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் கேட்கிறார்கள். கஞ்சி போல, ஜெல் போல இருந்தால், ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட்டுகள் கலந்திருக்கலாம். பச்சை, ஆரஞ்சு, பிங்க் என்று நிறத்தைப் பார்த்து ஊற்றுவது பெரிய தவறு, நிறத்துக்கு என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது, பாட்டிலில் எழுதியிருக்கிற ஸ்பெசிஃபிகேஷனைத்தான் பார்க்க வேண்டும். டேங்க்கில் விடாமல் குமிழி வந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகப்பட வேண்டும். இதற்கு ஒரு எளிய டெஸ்ட் இருக்கிறது. டேங்க் வாயில் ஒரு குழாயை வைத்து அதிலுள்ள நீலத் திரவத்தின் வழியாக ஆவியை இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீல நிறம் மாறிவிடும்.

எண்ணெய் என்றால் கதையே வேறு. இன்ஜின் ஆயிலையும் கூலன்ட்டையும் பிரித்து வைத்திருக்கிற ஏதோ ஒரு தடுப்பு உள்ளே உடைந்திருக்கிறது. டீசல் வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் கூலர் (கூலன்ட்டைக் கொண்டு இன்ஜின் ஆயிலின் சூட்டைக் குறைக்கிற பாகம்), இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட், அரிதாக ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விக்கிற கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தால் அங்கிருந்தும் வரலாம். எந்தத் தப்பான கூலன்ட்டை ஊற்றினாலும் டேங்க்கில் இன்ஜின் ஆயில் வராது. "வெளியில எங்கயாவது கூலன்ட் ஊத்தினீங்களா சார்?" என்று சர்வீஸ் சென்டரில் கேட்டபோது இதைத்தான் திருப்பிச் சொன்னேன்.

ஆயில் கூலரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் கூலன்ட் பிரஷரைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் உடனே இறங்கிவிடும், சூட்டில் இருக்கிற கூலன்ட்டின் பிரஷர் இறங்க நேரமாகும், அந்த நேரத்தில் கூலன்ட் ஆயிலுக்குள் போகலாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே கூலன்ட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆயிலைத் தொடாமல் அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலையை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குகிற தாள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயால் சொன்னது, "கூலன்ட்டில் எண்ணெய் வருகிறது, டெம்பரேச்சர் ஏறுகிறது." சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் அடித்தது, கூலன்ட் மாற்றவும், டிமாண்டட் ரிப்பேர். அதாவது நானே ஆசைப்பட்டுக் கேட்டு, காசு கொடுத்துச் செய்துகொள்கிற வேலை! அந்த வரியோடு கையெழுத்துப் போட்டிருந்தால், நாளைக்கு இன்ஜின் நின்றுபோனாலும் அவர்களுடைய பதிவேட்டில் எண்ணெய் என்ற சொல்லே இருந்திருக்காது. "தம்பி, நான் சொன்னதை அப்படியே கஸ்டமர் வாய்ஸில் அடிங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றேன் (கஸ்டமர் வாய்ஸ் என்பது வாடிக்கையாளர் சொன்ன புகாரைப் பதிகிற இடம்). கொஞ்சம் தயங்கி, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து அடித்தார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. வாரன்ட்டி கிளெய்ம் என்றால் போட்டோ, கம்பெனி அப்ரூவல், பழைய பார்ட்டைப் பத்திரப்படுத்துவது என்று அவர்களுக்கு ஏகப்பட்ட வேலை, ஃப்ளஷ் என்றால் மத்தியானத்துக்குள் பில் போட்டு முடித்துவிடலாம். அந்த வசதிக்காக என் இன்ஜினின் ஆயுளை நான் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

ஃப்ளஷ் செய்வதற்கு முன்னால் மாதிரி எடுத்து வையுங்கள். புதிய, காய்ந்த கண்ணாடி பாட்டில் இரண்டு, இன்ஜின் ஆறிய பிறகு, அவர்கள் முன்னிலையில். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தேதி, வண்டி எண், கிலோமீட்டர் எழுதி, முடிந்தால் அட்வைசரிடம் ஒரு கையெழுத்து, எடுப்பதை வீடியோவும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் கூலன்ட்டைவிட லேசு, அதனால் அசைக்காமல் வைத்தால் பல சமயம் மேலே தனியாகப் பிரிந்து நிற்கும். பெயர் பெற்ற லேபில் கொடுத்தால் என்ன கலந்திருக்கிறது என்று அறிக்கை தருவார்கள்.

இது வெறும் முன்ஜாக்கிரதை இல்லை, சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி, பரிசோதனை செய்யாமல் குறையை முடிவு செய்ய முடியாது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் புகார்தாரரிடமிருந்து மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எல்லாவற்றையும் கழுவிச் சாக்கடையில் விட்ட பிறகு எதை அனுப்புவது? (சாக்கடையில் விடுவதே தப்பு. கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெருநாய்கள் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் உயிரே போய்விடும்.) 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிடுங்கள். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டு இதையும் செய்தால் பதில் வருகிற வேகமே மாறுகிறது.

வெளியில் வேலை பார்த்ததால் வாரன்ட்டி போச்சு என்று மிரட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டுமே வாரன்ட்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அதற்குப் பிறகு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று அது நீண்டுகொண்டே போனது வேறு விஷயம். ஆனால் அதிலிருக்கிற நியாயம் யாருக்கும் புரியக்கூடியது. வெளியில் செய்த வேலையால்தான் இந்தப் பழுது வந்தது என்றால் அதைக் காட்டட்டும். வைப்பர் பிளேடு மாற்றியதற்கும் ஆயில் கூலருக்கும் என்ன சம்பந்தம்?

என் வண்டிக்குப் பிரஷர் டெஸ்ட் செய்து, ஆயில் கூலர்தான் என்று எழுதிக் கொடுத்து, வாரன்ட்டியில் மாற்றினார்கள், இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து. இப்போது தகராறு ஹோஸ்களில் நிற்கிறது. கூலன்ட் ஹோஸ்களுக்குப் பயன்படுத்துகிற ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன், கிளாம்ப் ஓரத்தில் புடைத்து, அமுக்கிய விரல்தடம் மெதுவாகத்தான் எழும்புகிறது. "அது வேர் அண்ட் டேர் சார், வாரன்ட்டியில வராது" என்கிறார்கள். ஆயில் கூலர் உடைந்ததால் எண்ணெய் வந்தது, எண்ணெய் வந்ததால் ஹோஸ் உப்பியது, முதல் பழுதை ஒத்துக்கொண்டவர்கள் அதன் விளைவை மட்டும் எப்படித் தேய்மானம் என்று சொல்ல முடியும்? இதே கேள்வியை மெயிலில் அனுப்பிவிட்டேன். ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற வால்வு), டேங்க் மூடி மூன்றையும் மாற்றித் தரும்வரை அவர்கள் நீட்டுகிற திருப்திச் சீட்டில் கையெழுத்துப் போடப்போவதில்லை.