பிரிக்காத அட்டைப்பெட்டிகள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும்; புது வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வேதவசன அட்டை எடுப்போம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா எடுத்த அட்டையில் எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ ஸ்தோத்திரம் சொல்லி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போச்சு, பேச்சும் குழறியது.

பிசியோதெரபிக்காக ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு பாளையங்கோட்டையில் வாடகைக்கு வந்தோம். கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை அம்மா பிரிக்கவே இல்லை. தட்டு வேண்டுமென்றால் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுப்பார், கழுவித் திரும்ப அதிலேயே வைப்பார். காரணம், ஜெபக்குழுவில் இருந்து வந்த ஒரு அண்ணன் அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, “மூணு மாசத்துல நடப்பாரும்மா, ஆண்டவர் காட்டிட்டார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்று மாதம் ஆனது. அப்பா நடக்கவில்லை. அதே அண்ணன் வந்து, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அந்தக் கோபத்தில்தான் 29ஆம் அதிகாரத்தை முதல் வசனத்தில் இருந்து வாசித்தேன். அட்டையில் ஒரு வசனம்தானே இருக்கும், அதற்கு முந்தின வசனத்தை யார் அச்சடிக்கப் போகிறார்கள்! பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கி.மு. 597-இல் எருசலேமில் இருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. அவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பாமலே செத்துப்போவார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதில் விளைகிறதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள்.

முந்தின அதிகாரத்தைப் பார்த்தால், அங்கேயும் ஒரு அண்ணன் இருக்கிறார். பேர் அனனியா. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் சொல்கிறார், பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! வேதம் அவரைப் பொய் சொன்னவர் என்கிறது.

நம் சபைகளில் இன்றைக்கு அனனியாவுக்குத்தான் கூட்டம் கூடுகிறது. நோயாளி வீட்டுக்குப் போய்த் தேதி குறிக்கிறதை விசுவாசம் என்று நினைக்கிறோம். தேதி தப்பினால் பழி நோயாளி தலையில்தான் விழும், குறித்தவர் தலையில் விழுந்து நான் பார்த்ததில்லை. ஆண்டவர் சுகம் தருவதில்லை என்று நான் சொல்லவில்லை, நானும் தினமும் அதைக் கேட்டுத்தான் ஜெபிக்கிறேன். ஆனால் தேதி கையில் இருந்ததால்தானே நாங்கள் பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தோம்?

நம்ம ஆட்களுக்குச் சட்டென்று புரிகிற இடம் 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை, எதிரி கைக்குப் போகப்போகிற நிலத்தை, பதினேழு சேக்கல் வெள்ளி எடை போட்டுக் கொடுத்து வாங்குகிறார். சாட்சி வைத்துப் பத்திரம் எழுதி, அது ரொம்ப நாள் கெடாமல் இருக்கவேண்டும் என்று மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்கிறார். தான் உழப்போவதில்லை என்று தெரிந்தும் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறார் பாருங்கள், கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் எனக்கு இப்போது அந்த மண்பாண்டம்தான் ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது பெட்டிகள் மடித்துக் கட்டிப் பழைய பேப்பர்க்காரருக்கு வைக்கப்பட்டிருந்தன, சமையலறை அலமாரியில் தட்டுகள் அடுக்கியிருந்தன. அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கொம்பு வாங்கிவந்து கொல்லையில் நட்டு, முனையில் சாணி அப்பிவிட்டார். வீட்டுக்கார அம்மா, “வாடகை வீட்டுல எதுக்கு மரம்?” என்று கேட்டதற்கு, “நாங்க போனா நீங்க பறிச்சுச் சாப்பிடுங்க” என்றாராம்.

அப்பா இன்னும் வாக்கர் இல்லாமல் நடப்பதில்லை. வலது கை வரவில்லை. சாயங்காலம் அம்மா முருங்கைக் கீரையை ஒடித்துவந்து முறத்தில் போட்டு முன்னால் வைத்தால், இடது கையாலேயே ஒவ்வொரு ஈர்க்காக உருவுகிறார். ஒரு முறம் கீரைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடுவில் நான் உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுகிறார்.