‘பக்’ என்ற சொல் 1947-இல் பிறந்ததன்று

நிரலாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வலம் வருகிறது: 1947-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் கணினிக்குள் ஒரு பூச்சியைக் கண்டெடுத்தார் என்றும், நிரலில் உள்ள வழுவுக்கு ‘பக்’ (bug, ஆங்கிலத்தில் ‘பூச்சி’) என்ற பெயர் அன்றுதான் வந்தது என்றும் அது கூறுகிறது. இது தவறு.

பூச்சி உண்மையானதே. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் எஃப் பலகையில் 70-ஆம் ரிலேக்குள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்குள்) ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதைப் பதிவேட்டில் ஒட்டி, ‘பக் ஒன்று உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிகழ்வு’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். ‘உண்மையாகவே’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பழுதைக் குறிக்க அச்சொல் முன்பே வழக்கில் இருந்ததால்தான் அந்த வேடிக்கைக்கே பொருள் உண்டு. அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே, 1878-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தாமஸ் ஆல்வா எடிசன், புதிய கண்டுபிடிப்பில் தலைகாட்டும் சிறு குறைகளும் இடர்களும் ‘பக்’ என்றே அழைக்கப்படுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டுப் பக்கம் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சியோடு பாதுகாக்கப்படுகிறது. அதன் படத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே காணலாம். இந்நிகழ்வைப் பலரறியச் சொன்னவர் ஹாப்பர். ஆனால் சொல்லை உருவாக்கியவர் அவரல்லர். நிரல்களைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியை 1952-இலேயே உருவாக்கிக் காட்டிய அறிஞரை, அவர் செய்யாத ஒன்றுக்காகப் போற்றுவது அவருடைய உண்மையான பணியை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். அச்செய்தி உங்களுக்கு வந்தால், அன்புகூர்ந்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.