சித்துவுக்குக் கைதட்டும் நண்பர்களுக்கு

இரண்டு நாளாக டைம்லைன் முழுக்க முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துதான். ஐபிஎல் கமெண்டரிக்குத் திரும்பிவிட்டார் என்று ஆளாளுக்கு ஹார்ட் போடுகிறீர்கள். ஒரு பதிவின் கீழே ‘குர்னாம் சிங்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினேன், அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். ‘யார் அது?’ என்று கேட்டவர்கள் மேல் வருத்தமில்லை. ‘ஜெயிலுக்குப் போய்த் திருந்தி வந்தவனுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கக் கூடாதா, நீயெல்லாம் என்ன மனுஷன்’ என்று கேட்டாரே ஒரு நண்பர், அவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கொடுக்கலாம் சார். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தண்டனை முதலில், வாய்ப்பு அப்புறம். சித்து விஷயத்தில் வாய்ப்பெல்லாம் முதலில் வந்து தீர்ந்தது, தண்டனை கடைசியில் வந்தது. நான் சொல்வது இது ஒன்றுதான்.

1988 டிசம்பர் 27, பஞ்சாபின் பாட்டியாலா. நடுரோட்டில் ஒரு ஜிப்ஸி ஜீப் நிற்கிறது, அதில் சித்து. வங்கியில் பணம் எடுக்கக் காரில் போய்க்கொண்டிருந்த 65 வயதுப் பெரியவர் குர்னாம் சிங் வண்டியை நகர்த்தச் சொல்கிறார். வாக்குவாதம், அடி. பெரியவர் இறந்துபோனார். சித்துவுக்கு அப்போது 25 வயது, ஏற்கெனவே உலகக் கோப்பை ஆடியவர்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1996 உலகக் கோப்பைக் காலிறுதி, பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 93 ரன். 1997-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 201. 1998-இல் நம்ம சேப்பாக்கத்தில் ஷேன் வார்னேயை இறங்கி வந்து தூக்கி அடித்தார். எங்கள் வீட்டு டிவி முன்னால் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது, நானும் கத்தினேன். இத்தனையும் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான். 1999-இல் கீழ்க்கோர்ட் விடுவித்தது. 2004-இல் அமிர்தசரஸ் எம்பி. 2006-இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறை என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கி, அதே அமிர்தசரஸில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். நடுவில் கமெண்டரி, டிவியில் சிரிப்பு நிகழ்ச்சிகள். இது இரண்டாவது வாய்ப்பா? எத்தனையாவது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

2018-இல் உச்ச நீதிமன்றம் போட்ட தண்டனை ஆயிரம் ரூபாய் அபராதம். குர்னாம் சிங் குடும்பம் விடாமல் மறுஆய்வு மனு போட்டதால்தான் 2022 மே மாதம் ஓராண்டுச் சிறை வந்தது. குத்துச்சண்டை வீரரோ மல்யுத்த வீரரோ கிரிக்கெட் வீரரோ அடித்தால் அந்தக் கையே ஆயுதம் ஆகலாம் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நாம் கைதட்டிய அதே கை. பத்து மாதத்தில் வெளியே வந்துவிட்டார்.

‘மரணத்துக்கு அவர்தான் காரணம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லையே’ என்பீர்கள். சரி, சொல்லவில்லை. அடித்தார் என்பது வரைதான் நிரூபணம். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. ஆனால் அந்த ‘அடித்தார்’ என்பதற்குச் சிறைத் தண்டனை வரவே 33 வருடம் ஆனதே, அந்த வீட்டில் அத்தனை வருடமும் கிரிக்கெட் பார்த்திருப்பார்களா?

‘ஏதோ கோபத்தில் நடந்தது, அவ்வளவு பெரிய கெரியரை அழிக்கணுமா’ என்று இன்னொருவர். இதைப் படித்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பெரியம்மா மகன் கபடி ஆடுவான். நல்ல ரைடர். கோயில் திருவிழாவில் அடிதடி, எஃப்ஐஆரில் பத்துப் பேரோடு இவன் பெயரும் ஏறிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் செலக்ட் ஆகியிருந்த வேலை போலீஸ் வெரிஃபிகேஷனில் நின்றது. பின்னால் கேஸிலிருந்து விடுதலை ஆனான், அதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது குட்டியானை ஓட்டுகிறான். ஆடும்போது முழங்காலில் போட்ட நீ-கேப்பை, கை வழுக்காமல் இருக்க, கியர் குமிழில் மாட்டி வைத்திருக்கிறான். அவனுக்கும் அது கெரியர்தான் சார். அவன் 93 அடிக்கவில்லை, அதனால் யாரும் பதிவு போடவில்லை.

வயிற்றெரிச்சல் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. சித்து பேசி சம்பாதிக்கட்டும், தண்டனை முடிந்தது, அவர் உரிமை. நீங்கள் ஏன் அவரை ஏதோ அநியாயத்திலிருந்து மீண்டு வந்தவர் மாதிரிக் கொண்டாடுகிறீர்கள்? என் வருத்தம் உங்கள் மேல்தான்.

அநியாயம் யாருக்கு நடந்தது என்று தெரிய வேண்டுமா? புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. அவர் யாரையும் அடிக்கவில்லை, ஊக்கமருந்து எடுக்கவில்லை. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனார். பயிற்சியாளர் வேலை நிரந்தரமாவதற்கே வருடக்கணக்கில் போராடினார். மன்னிக்க வேண்டிய தப்பே இல்லாதவருக்கு வாய்ப்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு எனக்கு மனிதாபிமானப் பாடம் எடுங்கள்.

அவர் பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்காக என்றைக்காவது ஒரு பதிவு போட்டிருந்தால் லிங்க்கைக் கமெண்டில் கொடுங்கள். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.