ராட்வைலர் என்றால் வீடு கிடையாதாம்

ஆபத்தானவை என்று 23 நாய் இனங்களைப் பட்டியல் போட்டு, அவற்றை வளர்க்கவோ விற்கவோ உரிமம் கொடுக்காதீர்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது 2024 மார்ச் 12ஆம் தேதி. சம்பந்தப்பட்ட யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு என்று சொல்லி கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது ஏப்ரல் 10ஆம் தேதி. டெல்லி உயர் நீதிமன்றத்திலும், மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுக்கிறோம் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆக, அந்தக் கடிதம் ஒரு மாதம்கூட உருப்படியாக நிற்கவில்லை. ஆனால் அது போட்ட முத்திரை மட்டும் இன்னும் அழியவே இல்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வாசலிலேயே, "என்ன நாய் வச்சிருக்கீங்க?" என்கிறார்கள். ராட்வைலர் என்று சொல்லி முடிப்பதற்குள், "அது கவர்மென்ட்டே தடை பண்ணின நாயாச்சே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையைக் காட்டலாமா, உரிமத்தைக் காட்டலாமா, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சலாமா? எதற்கும் காது கொடுப்பதில்லை.

எங்கள் ராட்வைலர் பொம்மி யாரையும் கடித்ததில்லை. என் மாமியார் விடிகாலையில் கோலம் போடும்போது மாவுக் கிண்ணத்தை ஒரு தரம் முகர்ந்துவிட்டு ஓரமாகப் படுத்துக்கொள்கிறவள். கூரியர் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலில்லாத இடுப்பையே ஆட்டுகிறவள். அவள் செய்த தப்பு, கறுப்பும் பழுப்புமாகப் பிறந்தது. அதற்குத்தான் குடியிருப்புச் சங்கத்தில் தனியாகத் தீர்மானம், லிஃப்டில் ஏறக் கூடாது என்று காவலாளியிடம் உத்தரவு, கீழ் வீட்டுப் பிள்ளைகளிடம் "அந்த ஆன்ட்டி வீட்டுப் பக்கம் போகாதே" என்ற எச்சரிக்கை. குட்டியிலிருந்து அவளோடு விளையாடிய பிள்ளைகள் அவர்கள்!

அந்தப் பட்டியலை யாராவது முழுசாகப் படித்தீர்களா? நான் வரி வரியாகப் படித்தேன். 'டோசா இனு' என்று ஒரு இடத்தில் இருக்கிறது, 'ஜப்பானிய டோசா' என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாய்! 'டெரியர்கள்' என்று ஒரே வார்த்தையில் போட்டிருக்கிறார்கள். டெரியர் என்றால் பிட்புல்லும் டெரியர்தான், கைப்பைக்குள் அடங்குகிற யார்க்‌ஷயர் டெரியரும் டெரியர்தான். இது போதாதென்று இவற்றின் கலப்பினங்களும் அடக்கமாம். கலப்பு என்று யார் கண்டுபிடிப்பது? நாயின் தலை அகலத்தைப் பார்த்தா, காதைப் பார்த்தா? காப்பகங்களில் பல வருடம் வேலை பார்த்தவர்களே கண்ணால் பார்த்துச் சொன்ன இனம், மரபணுச் சோதனையில் தப்பென்று ஆனதுண்டு. ஒரு குடும்பத்தின் நாயை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற காகிதத்தை இவ்வளவு அலட்சியமாக எழுதலாமா?

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய்களுக்குக் கட்டாயம் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. கருத்தடைக்கு நான் எதிரியே இல்லை, பொம்மிக்கும் செய்திருக்கிறோம். ஆனால் ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ராட்வைலர்களுக்கு எலும்புப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாக இருந்ததாக 2002லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எப்போது செய்வது, வயதான நாய் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதெல்லாம் அந்த நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயங்கள். டெல்லியிலிருந்து வரும் கடிதம் சொல்ல முடியாது.

இப்போது சிலர் சென்னை ஆயிரம்விளக்கு சம்பவத்தைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 2024 மே மாதம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா என் முன்னால் வந்து நின்று ராட்வைலரே வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் சட்டம் போடுகிறவர்கள் அதற்கு மேல் யோசிக்க வேண்டாமா? குழந்தைகள் இருக்கிற பூங்காவுக்குள் அந்த இரண்டு நாய்களும் கையில் பிடித்த கயிறு இல்லாமல் எப்படி வந்தன? வாய்மூடி எங்கே? கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாயைக் கவனக்குறைவாக வைத்து அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 289, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 291. அதை ஒழுங்காகப் பயன்படுத்தி, பொறுப்பில்லாத உரிமையாளர் இனி நாயே வளர்க்க முடியாதபடி செய்யுங்கள். நான் கை தட்டுகிறேன்.

அதை விட்டுவிட்டு என்ன நடந்தது? அதே மே மாதம் தமிழ்நாட்டிலும் 23 இனங்களுக்குத் தடை என்று உத்தரவு வந்தது, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறவும் பட்டது. இடையில் எத்தனை வீடுகளில் என்னென்ன நடந்திருக்கும் என்று யாருக்காவது கவலை உண்டா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பயந்துபோய் அந்தப் பட்டியலில் இருக்கும் கேன் கோர்சோ இனத்து நாயை ஊரில் இருக்கும் தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட்டது. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் பிள்ளைகளோடு உறங்கிய நாய், இப்போது இரவும் பகலும் சங்கிலியில் கிடக்கிறது. மனுஷ முகமே பார்க்காமல், வருகிறவன் போகிறவன் கல்லெறிய, அது கடிக்கிற நாயாக மாறாமல் வேறு எப்படி மாறும்? சாதுவாக இருந்த பிராணியை ஆபத்தானதாக ஆக்கியது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். தோப்பு இல்லாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். நாய் மீட்பு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புது உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. சரி, வெளியூரிலிருந்து வேலை மாற்றலாகி சென்னைக்கு வருகிற குடும்பம், எட்டு வயது ராட்வைலரை என்ன செய்யும்? தெருவில் கைவிடப்பட்ட ஒரு ராட்வைலரை எடுத்து வளர்க்கலாம் என்று நல்ல மனசோடு வருகிறவர் யாரிடம் போவார்?

இனத்தைப் பார்த்துத் தடை போட்டு ஜெயித்த நாடு எது? பிரிட்டனில் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் வந்தது. பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ என்று நான்கு வகைகளைத் தடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, கடி குறையவில்லை. 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். ஒரு வகையைத் தடுத்தால், முரட்டு நாய்தான் வேண்டும் என்கிறவன் அடுத்த வகைக்குப் போகிறான், அவ்வளவுதான். நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்து, கடிகள் குறையவில்லை என்று பார்த்து 2008இல் தடையை எடுத்தேவிட்டது. 2022இல் 18,000 நாய்களுக்கு மேல் வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு நாயின் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. ராட்வைலர் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பயிற்சியும் கட்டுப்பாடும் கண்டிப்பாக வேண்டும் என்கிறேன். நாளைக்கு ஒரு கோம்பை நாயோ ராஜபாளையமோ யாரையாவது கடித்தால் அதையும் பட்டியலில் ஏற்றுவீர்களா? நம் ஊர்க் காவல் நாய்கள் மட்டும் தெரியாத ஆளைப் பார்த்துக் குழையுமா?

எனக்கு ரத்தம் கொதிப்பது விற்கிறவர்களை நினைத்துத்தான். நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்று 2017இலேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இனப்பெருக்கம் செய்யக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. நடப்பது என்ன? கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறார்கள். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்னமே பிரித்து, 'செம வெறியான லைன்' என்று விளம்பரம் செய்து, கெத்துக்காக நாய் தேடும் பையன்களின் கையில் கொடுக்கிறார்கள். இப்படி விற்கிறவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. உரிமம் எடுத்து, வருடா வருடம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பெயரையும் முகவரியையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிற எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஏனென்றால் எங்கள் முகவரிதான் கையில் இருக்கிறது. இப்படியே போனால் இனி யார் தானாக முன்வந்து உரிமம் எடுப்பார்கள்?

வாய்மூடி போடு என்கிறீர்களா, போடுகிறேன். பொது இடத்தில் பொம்மிக்குப் போட்டுத்தான் கூட்டிப்போகிறேன். ஆனால் அதிலும் கொஞ்சம் விவரம் வேண்டும். கடைகளில் மலிவாகத் தொங்குகிற நைலான் பட்டை வாயை இறுக்கிக் கட்டிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். சித்திரை வெயிலில் அந்தப் பட்டையோடு நடத்தினால் நாய் சுருண்டு விழும். வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூண்டு மாதிரியான வாய்மூடிதான் வேண்டும். விதி எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், குடியிருப்புச் சங்கங்களுக்கு. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதலை ஒரு தடவை படியுங்கள். பெரும்பான்மையாகக் கூடித் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, சிறிய நாய் வைத்துக்கொள், பெரிய நாய் கூடாது என்றும் சொல்ல முடியாது என்கிறது அது. கழிவை அள்ளவில்லை என்றால் என்னைக் கேளுங்கள். கயிறில்லாமல் விட்டால் அபராதம் போடுங்கள். பொம்மி யாரையாவது கடித்தால் மருத்துவச் செலவும் என்னுடையது, வழக்கும் என்னுடையது, எழுதியே தருகிறேன். ஆனால் அவள் என்ன இனம் என்பதற்காக இந்த வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி அடுத்த கூட்டத்தில் நீங்கள் நீட்டப்போகும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.